சாபமும் விமோசனமும்: நடிகர் பீட்டர் குஷிங்கின் வாழ்வு

நம் புராண மரபில் சாபம் பிறக்கும்போதே அதற்குரிய விமோசனமும் உடன் பிறந்துவிடுகிறது. கல்லாய்க் கிடந்த அகலிகைக்கு இராமனின் திருவடித் துகள் காத்திருந்தது. சபித்த முனிவரே சினம் தணிந்து, சாபம் நீங்கும் வழியையும் சொல்லிச் செல்வதை நாம் பல கதைகளில் காண்கிறோம். மேலைநாட்டு அச்சக் கதைகளின் இயல்பு வேறு. அங்கே சாபம் ஒருவர்மேல் இறங்கினால் அவரையும் அவரை நேசித்தவர்களையும் அழித்த பிறகே அடங்குகிறது. 1964ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்த 'தி கார்கன்' என்னும் திரைப்படம் இத்தகைய சாபக் கதைகளுள் ஒன்று. பார்த்தவரைக் கல்லாக்கும் கிரேக்கத் தொன்மப் பெண்ணின் ஆவி, நடு ஐரோப்பியச் சிற்றூர் ஒன்றில் வாழும் அப்பாவிப் பெண்ணொருத்தியைப் பற்றிக்கொள்கிறது. அந்தப் பெண்ணை நேசித்து, அவளது இரகசியத்தை ஊரறியாமல் காத்து, இறுதியில் தாமும் கல்லாகிப்போகும் மருத்துவராக அப்படத்தில் நடித்தவர் பீட்டர் குஷிங்.

கவிஞர்கள் நிறைந்த நம் வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலரில் ஆங்கிலப் பேய்ப்பட நடிகர் ஒருவருக்கு இடமுண்டா என்று சிலர் ஐயுறக்கூடும். மெய்ப்பாடுகள் எட்டனுள் அச்சத்துக்கும் இடம் தந்தவர் தொல்காப்பியர். அச்சம் பிறக்கும் நிலைக்களன்கள் நான்கினுள் அணங்கை முதலில் வைத்தவரும் அவரே. அழுகை பிறக்கும் களன்களுள் இழவு ஒன்று என்பதும் நாம் அறிந்ததே. இவ்விரண்டு மெய்ப்பாடுகளும் ஒரே மனிதரின் கலையிலும் வாழ்விலும் எவ்வாறு சந்தித்தன என்பதை எண்ணிப் பார்ப்பது கவிதை எழுதுவோர்க்கும் பயன் தரும் என்று நம்பியே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

இளமை

பீட்டர் குஷிங் 1913ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம் நாள், இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தைச் சேர்ந்த கென்லி என்னும் ஊரில் பிறந்தார். தந்தை கட்டடப் பணிகளுக்கு அளவும் செலவும் கணிக்கும் அலுவலர். சிக்கனமும் ஒழுங்கும் மிக்கவர். பாட்டனாரோ புகழ்பெற்ற ஹென்றி இர்விங்கின் நாடகக் குழுவோடு ஊர் ஊராகச் சென்று நடித்தவர். கணக்கும் கூத்தும் கலந்த குடும்பம் அது. பெண் குழந்தை வேண்டுமென்று விரும்பியிருந்த தாயார், மகனுக்குச் சில காலம் சுருள்முடி வளர்த்துப் பெண்ணுடை உடுத்தி மகிழ்ந்தார். விடுதிப் பள்ளியில் சேர்த்தபோது வீட்டு நினைவால் வாடி ஒரு பருவத்துக்குமேல் அங்கே தங்க இயலாமல் திரும்பிவிட்டார் சிறுவர். பிரிவைத் தாங்க மாட்டாத அந்த மென்மை இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் தந்தையின் ஏற்பாட்டில் நகராட்சி அலுவலகம் ஒன்றின் வரைபடப் பிரிவில் உதவியாளராக அமர்ந்தார். சில ஆண்டுகள் கோடும் அளவும் வரைந்துகொண்டிருந்த அந்த இளைஞரின் மனம் நாடக மேடையிலேயே இருந்தது. உச்சரிப்புச் சரியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டபோதும் சோர்வடையாமல் மொழியைத் திருத்திக்கொண்டார். வர்த்திங் என்னும் கடற்கரை நகரத்து நாடகக் குழுவுக்கு விடாமல் கடிதம் எழுதினார். கடிதங்களின் தொல்லை பொறுக்காமல் அழைத்த குழுத் தலைவர், இனி எழுத வேண்டாம் என்று சொல்வதற்காகவே அழைத்திருந்தார். ஆனால் இளைஞரின் நிலை கண்டு இரங்கி, சிறு வேடம் ஒன்றைக் கொடுத்துவிட்டார். 1930களின் நடுவில் குஷிங்கின் கலை வாழ்வு இவ்வாறு தொடங்கியது.

கடல் கடந்தும் மீண்டும்

1939ஆம் ஆண்டு தந்தை வாங்கித் தந்த ஒருவழிப் பயணச் சீட்டோடு அவர் ஹாலிவுட் சென்றார். திரும்பி வரும் சீட்டு இல்லாமல் மகனை அனுப்பிய தந்தையின் மனத்தில் நம்பிக்கை இருந்ததா, சலிப்பு இருந்ததா என்பது வாசகர் சிந்தனைக்குரியது. அங்கே அவருக்கு முதன்முதலில் வேலை கொடுத்த இயக்குநர் ஜேம்ஸ் வேல். இரட்டை வேடத்தில் நடித்த நாயகனுக்கு எதிரே நின்று, பின்னர்ப் படத்திலிருந்து நீக்கப்படும் பகுதிகளில் மட்டும் நடிப்பதே அந்த வேலை. முகம் திரையில் தெரியாது. நடிகன் மட்டும் அங்கே நிற்க வேண்டும். அதே வேல்தான் 1931ஆம் ஆண்டு போரிஸ் கார்லாஃபை வைத்து 'ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தை எடுத்தவர். அந்தக் கதை 18 ஆண்டுகளுக்குப் பின் தம்மைத் தேடி வரும் என்பதை அன்று குஷிங் அறிந்திருக்க வழியில்லை.

இரண்டாம் உலகப் போர் மூண்டது. தாய்நாட்டு நினைவு வாட்ட, பல சிறு வேலைகள் செய்து பொருள் சேர்த்து 1942இல் இங்கிலாந்து திரும்பினார். போர்வீரர்களுக்காக நாடகம் நடத்திய குழுவில் பணியாற்றியபோது ஹெலனைச் சந்தித்தார். ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்து, புரட்சியின் விளைவாகக் குடும்பத்துடன் புலம்பெயர்ந்து வந்தவர் அந்த அம்மையார். மேடை அனுபவம் உடையவர். குஷிங்கைவிட எட்டு வயது மூத்தவர். 1943 ஏப்ரல் 10ஆம் நாள் இருவருக்கும் திருமணம் நடந்தது. தம் கலை வாழ்வை ஒதுக்கி வைத்துவிட்டுக் கணவரின் கலையைப் பேணுவதையே ஹெலன் தம் பணியாக ஏற்றுக்கொண்டார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

போருக்குப் பிந்தைய ஆண்டுகள் வறுமையில் கழிந்தன. 1948இல் லாரன்ஸ் ஒலிவியர் இயக்கிய 'ஹாம்லெட்' திரைப்படத்தில் ஆஸ்ரிக் என்னும் சிறு பாத்திரம் கிடைத்தது. அதே ஆண்டு ஒலிவியரின் நாடகக் குழுவோடு ஆஸ்திரேலியாவுக்கும் சென்று வந்தார். இடையிடையே வாய்ப்பில்லாத மாதங்களில் பட்டுக் கழுத்துத் துணிகளுக்குச் சித்திரம் வரைந்து கொடுத்துப் பிழைக்க வேண்டியிருந்தது. வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. மனம் தளர்ந்திருந்த கணவரை, அப்போது வளரத் தொடங்கியிருந்த தொலைக்காட்சியின் தயாரிப்பாளர்களுக்குக் கடிதம் எழுதத் தூண்டியவர் ஹெலன்.

அந்தத் தூண்டுதல் வீண்போகவில்லை. சில ஆண்டுகளிலேயே ஆங்கிலேயத் தொலைக்காட்சியின் முன்னணி நடிகராக அவர் உயர்ந்தார். 1954 டிசம்பர் 12ஆம் நாள் பி.பி.சி. நிறுவனம் ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலை நாடகமாக நேரடி ஒளிபரப்புச் செய்தது. அதில் அரசின் கொடுமையால் உள்ளம் சிதைக்கப்படும் நாயகனாகக் குஷிங் நடித்தார். நாடகத்தின் கடுமை பலரை அதிரவைத்தது. நாடாளுமன்றம் வரை விவாதம் எழுந்தது. எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் நான்கு நாள் கழித்து அதே நாடகம் மீண்டும் நேரடியாக நடித்து ஒளிபரப்பப்பட்டது. அச்சத்தை மனித முகத்தில் காட்ட வல்லவர் இவர் என்பதை நாடு அன்று அறிந்துகொண்டது.

தேம்ஸ் கரையில் ஒரு பேய்மாளிகை

தேம்ஸ் நதிக்கரையில் பிரே என்னும் சிற்றூரில், பழைய மாளிகை ஒன்றைப் படப்பிடிப்பு நிலையமாக வைத்திருந்தது ஹேமர் என்னும் சிறிய நிறுவனம். அங்கே 1957இல் வெளிவந்த 'ஃபிராங்கன்ஸ்டைனின் சாபம்' என்னும் படம் ஆங்கிலேயத் திரையுலகின் போக்கையே மாற்றியது. இயக்கியவர் டெரன்ஸ் ஃபிஷர். பிணங்களின் உறுப்புகளைத் தைத்து உயிர் கொடுக்கும் அறிவியலறிஞராகக் குஷிங்கும், படைக்கப்பட்ட உருவமாகக் கிறிஸ்டோபர் லீயும் நடித்தனர். அதுவரை கறுப்பு வெள்ளையில் மட்டுமே பழகியிருந்த அக்கதையில் குருதியின் செந்நிறம் முதன்முறையாகத் தெரிந்தது. விமரிசகர் பலர் அருவருப்புக் காட்டினர். மக்கள் திரளாக வந்து பார்த்தனர்.

மேரி ஷெல்லியின் நாவலில் படைத்தவன் தன் படைப்பைக் கண்டு அஞ்சி ஓடுகிறான். ஹேமர் படத்திலோ உண்மையான அரக்கன் படைத்தவனே. குஷிங் அவனை நல்லொழுக்கமும் நயத்தகு பேச்சும் உடைய கனவானாக நடித்துக் காட்டினார். சாவை ஒப்புக்கொள்ள மறுக்கும் ஆணவமே அவன்மேல் இறங்கிய சாபம். 1957 முதல் 1974 வரை ஆறு படங்களில் இப்பாத்திரத்தை ஏற்ற அவர், ஒவ்வொரு முறையும் அந்த ஆணவத்தின் வேறொரு முகத்தைக் காட்டினார் என்பது குறிப்பிடத்தக்கது.

1958இல் 'டிராகுலா' வந்தது. குருதி குடிக்கும் பிரபுவாக லீயும், அவனை வேட்டையாடும் அறிஞர் வான் ஹெல்சிங்காகக் குஷிங்கும் நடித்தனர். இறுதிக் காட்சியில் நீண்ட மேசைமேல் ஓடிப் பாய்ந்து திரைச்சீலையைக் கிழித்துச் சூரிய ஒளியை உள்ளே விடுவதும், இரண்டு மெழுகுவர்த்தித் தண்டுகளைக் குறுக்காகப் பிடித்துச் சிலுவையாக்குவதும் குஷிங் கூறிய யோசனைகள். 1959இல் 'பாஸ்கர்வில் வேட்டைநாய்' என்னும் கதையில் ஷெர்லாக் ஹோம்ஸாக நடித்தார். ஹோம்ஸ் கதைகளுள் வண்ணத்தில் எடுக்கப்பட்ட முதல் திரைப்படம் அது. ஒரு குடும்பத்தைத் தலைமுறைதோறும் தொடரும் சாபத்தைப் பகுத்தறிவால் ஆராய்ந்து, அதன் பின்னால் மறைந்திருக்கும் மனித வஞ்சகத்தை வெளிக்கொணரும் பாத்திரம்.

இத்தகைய கதைகளை அவர் ஒருபோதும் இளக்காரமாக நடித்ததில்லை. காட்சியில் வரும் மருத்துவக் கருவியோ, உருப்பெருக்கிக் கண்ணாடியோ, புகைக்குழாயோ எதுவாயினும் அதைக் கையாளும் முறையை முன்கூட்டியே பழகிக்கொள்வார். அவருடைய கைகள் எப்போதும் ஏதேனும் ஒரு பொருளோடு உறவாடிக்கொண்டிருக்கும். நம்ப முடியாத கதையை, நம்பத்தகுந்த ஒரு சிறு செயலால் நிலத்தில் ஊன்றி நிறுத்துவது அவருடைய உத்தி. கற்பனையின் உயரத்துக்கு ஏற்பக் கருப்பொருளின் உண்மை அமைய வேண்டும் என்பதைக் கவிஞர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கார்கன்

'தி கார்கன்' படத்தையும் டெரன்ஸ் ஃபிஷரே இயக்கினார். வாண்டார்ஃப் என்னும் கற்பனை ஊர். முழுநிலா நாள்களில் கொலைகள் நிகழ்கின்றன. இறந்தோரின் உடல்கள் கல்லாகிவிடுகின்றன. மருத்துவமனைத் தலைவரான நமாராஃப் என்னும் மருத்துவர் உண்மையை அறிந்தும் மறைக்கிறார். தம் உதவியாளரான கார்லாவிடமே அந்தச் சாப ஆவி குடியேறுகிறது என்பது அவருக்குத் தெரியும். கார்லாவுக்கோ தெரியாது, அந்த இரவுகள் அவள் நினைவில் தங்குவதில்லை. பார்பரா ஷெல்லி கார்லாவாகவும், நடனக் கலைஞர் புரூடன்ஸ் ஹைமன் கார்கனாகவும் நடித்தனர். உண்மையை ஆராய வரும் பேராசிரியராகக் கிறிஸ்டோபர் லீ தோன்றினார்.

குறைகள் இல்லாத படம் அன்று. படத்தில் அந்த ஆவிக்கு மெகீரா என்று பெயர். கிரேக்கத் தொன்மத்தில் மெகீரா பழிவாங்கும் தெய்வங்களுள் ஒருத்தி. கார்கன் இனத்தவள் அல்லள். தலையில் நெளியும் செயற்கைப் பாம்புகளும் நம்பும்படி அமையவில்லை. ஆயினும் படம் நிலைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. நமாராஃப் கொடியவனல்லன், நேசித்தவளை இழக்க மனமில்லாதவன். அந்த அன்பே அவனைப் பொய்யனாக்குகிறது. ஊராரின் சாவுக்கு உடந்தையாக்குகிறது. இறுதியில் வாளேந்திப் பாழடைந்த கோட்டைக்குச் செல்பவன், பார்க்கக் கூடாத அந்த முகத்தைப் பார்த்துவிடுகிறான். பேராசிரியர் கார்கனின் தலையை வெட்டி வீழ்த்தியதும் அரக்க முகம் மெல்ல மறைந்து கார்லாவின் முகமாகிறது. அவளை விரும்பிய இளைஞனும் கல்லாகி இறக்கிறான். சாபம் நீங்கிவிட்டது, ஆனால் அதன் பயனை நுகர எவருமில்லை.

இறுக மூடிய உதடுகளும், கார்லாவைக் காணும்போது ஒரு கணம் மட்டும் கனிந்து மீண்டும் உறைந்துபோகும் கண்களும் கொண்டு குஷிங் இப்பாத்திரத்தை நடித்துள்ளார். இழப்புக்கு அஞ்சுபவனின் முகம் அது. ஏழாண்டுக்குள் அந்த அச்சம் அவர் வீட்டுக்கே வந்தது.

தபுதார நிலை

1950களின் இறுதியில் குஷிங் தம்பதியர் கென்ட் கடற்கரையில் உள்ள விட்ஸ்டபிள் என்னும் சிற்றூரில் வீடு வாங்கினர். கடலைப் பார்த்திருக்கும் அந்த வீட்டில் அவர் நீர்வண்ண ஓவியம் தீட்டினார். சிறு போர்வீரர் பொம்மைகளுக்கு நுணுக்கமாக வண்ணம் பூசினார். ஊரார் அவரைப் பணிவும் இனிமையும் மிக்க அண்டைவீட்டாராகவே அறிந்திருந்தனர். ஹெலனுக்கு நுரையீரல் நோய் முற்றிக்கொண்டே வந்தது. 1971 ஜனவரியில், பண்டைய எகிப்திய அரசியின் சாபம் பற்றிய ஹேமர் படம் ஒன்றில் நடிக்கத் தொடங்கியிருந்த குஷிங், மனைவியின் நிலை மோசமானதால் படப்பிடிப்பை விட்டு அகன்றார். அவ்வேடத்தை வேறொருவர் ஏற்றார். ஜனவரி 14ஆம் நாள் ஹெலன் மறைந்தார்.

காதலியை இழந்தவன் நிலையைத் தபுதார நிலை என்று நம் இலக்கணம் ஒரு துறையாகவே வகுத்துள்ளது. அந்நிலையின் கொடுமையைக் குஷிங் தம் வாழ்க்கை வரலாற்றில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அன்றிரவு தாமும் இறந்துவிட வேண்டும் என்ற வெறியில் தம்மை வருத்திக்கொண்டார். ஆனால் ஹெலன் அவருக்காகக் கவிதை ஒன்றை எழுதி வைத்துச் சென்றிருந்தார். வாழ வேண்டிய வாழ்வை நிறைவாக வாழ்ந்து முடிக்கும்வரை சாவை நாடக் கூடாது என்பது அதன் கருத்து. அந்தச் சொல்லை மீறுவது அவருக்குத் துரோகம் என்று குஷிங் கருதினார். ஆகவே வாழ்ந்தார். ஒரு கவிதை ஒரு மனிதரை 23 ஆண்டுகள் உயிரோடு வைத்திருந்தது என்பதை இம்மலரில் வேறு எப்பகுதியில் எழுதுவதைக் காட்டிலும் இங்கே எழுதுவதில் எனக்கு மனநிறைவு.

துயரத்துக்கு மருந்தாக அவர் வேலையைத் தேடிக்கொண்டார். வரும் வேடங்களைத் தட்டாமல் ஏற்றார். உடல் மெலிந்தது, கன்னங்கள் ஒட்டின. 1972ஆம் ஆண்டு டிராகுலா படத்தில் ஓர் இளம்பெண்ணுக்குத் தந்தையாக அமைந்திருந்த அவருடைய பாத்திரம், அவர் தோற்றத்தைக் கண்டு பாட்டனாராக மாற்றப்பட்டது. ஸ்பெயினில் நடந்த படப்பிடிப்பு ஒன்றிலிருந்து விலகிவிட எண்ணியபோது, பழைய நினைவுகளைப் பேசித் தேற்றி அவரை நடிக்க வைத்தவர் கிறிஸ்டோபர் லீ. திரையில் இருபதுக்கும் மேற்பட்ட படங்களில் பகைவராகவும் துணைவராகவும் தோன்றிய இருவரும் வாழ்வில் உற்ற நண்பர்கள்.

அதே 1972இல் வெளிவந்த 'டேல்ஸ் ஃப்ரம் தி கிரிப்ட்' என்னும் கதைத் தொகுப்புப் படத்தில், மனைவியை இழந்த ஏழை முதியவராக அவர் நடித்தார். வேறு வேடம் அளிக்கப்பட்டிருந்தும் இதனைத் தாமே கேட்டுப் பெற்றார். படத்தில் அந்த முதியவரின் மறைந்த மனைவிக்கு ஹெலன் என்று பெயர். முதியவர் நோக்கி உரையாடும் படமும் ஹெலனின் நிழற்படமே. அயலாரின் கொடுமையால் உயிர்விட்டுக் கல்லறையிலிருந்து எழுந்து வரும் பேயின் கதை அது. ஆனால் பார்ப்போர் மனத்தில் நிற்பது பேயன்று. வெற்றறையில் நிழற்படத்தோடு பேசிக்கொண்டிருக்கும் கிழவரே. சொந்தத் துயரத்தைக் கலைக்கு விற்றார் என்று இதனைக் கொள்வது பொருந்தாது. பேச ஆளில்லாத வீட்டிலிருந்து வந்தவர், அவள் பெயரை உரக்கச் சொல்ல ஓர் இடம் தேடினார் என்றே கொள்ளத் தோன்றுகிறது.

பிற்காலம்

1977இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில், கோள் ஒன்றையே அழிக்க ஆணையிடும் இரக்கமற்ற ஆளுநராக நடித்து உலகெங்கும் புதிய தலைமுறைக்கு அறிமுகமானார். அவருக்குத் தரப்பட்ட காலணி சிறியதாகிக் காலை வருத்தியதால், கால் தெரியாத காட்சிகளில் வீட்டுச் செருப்போடு நின்று நடித்தார். பிரபஞ்சத்தையே நடுங்கவைக்கும் கட்டளைகளை அந்தச் செருப்போடு பிறப்பித்தார் என்பது அவர் இயல்புக்குப் பொருத்தமான செய்தி.

1982இல் புற்றுநோய் கண்டறியப்பட்டது. மருத்துவர்கள் குறித்த காலத்தைக் கடந்து மேலும் 12 ஆண்டுகள் வாழ்ந்தார். 1986இல் தன்வரலாற்று நூலை வெளியிட்டார். தாம் நடித்த புகழ்பெற்ற பேய்ப்படங்களைப் பற்றி அதில் மிகுதியாகப் பேசவில்லை. ஹெலனின் மறைவோடு நூல் நின்றுவிடுகிறது. அதற்குப் பின் உள்ளதை வாழ்வென்று அவர் கணக்கிடவில்லை போலும். வாசகர் விருப்பத்துக்கிணங்கி இரண்டாம் நூல் 1988இல் வந்தது. 1989இல் பிரிட்டிஷ் அரசு அவருக்கு ஓ.பி.ஈ. விருது வழங்கியது. அவர் விரும்பியவாறே ரோஜா வகை ஒன்றுக்கு ஹெலன் குஷிங் என்று பெயரிடப்பட்டது. 1994இல் ஹேமர் நிறுவனத்தின் வரலாற்றைக் கூறும் ஆவணப்படத்துக்கு நண்பர் லீயோடு சேர்ந்து குரல் கொடுத்தார். அவ்வாண்டு ஆகஸ்ட் 11ஆம் நாள் கேன்டர்பரி நகரில் தம் 81ஆம் வயதில் காலமானார்.

2016இல் வெளிவந்த 'ரோக் ஒன்' என்னும் படத்தில், மறைந்து 22 ஆண்டுகள் கழிந்த குஷிங்கின் முகத்தைக் கணினியால் உருவாக்கி, வேறொரு நடிகரின் உடலசைவில் பொருத்திக் காட்டினர். இறந்தவரின் உறுப்புகளைக் கூட்டி மீண்டும் எழுப்பும் ஃபிராங்கன்ஸ்டைனின் கனவு, அவனாக நடித்தவர் முகத்தின்மீதே நிறைவேற்றப்பட்டது. உருவம் ஒத்திருந்தது. பொருள்களைத் தொட்டுத் தடவி உயிர்ப்பிக்கும் அந்தக் கைகளின் அன்பைக் கணினி எங்கிருந்து கொண்டுவரும்?

விட்ஸ்டபிள் கடற்கரையில் குஷிங்கும் ஹெலனும் ஊருக்கு வழங்கிய இருக்கை ஒன்று உண்டு. அவ்விடம் அவர் பெயராலேயே வழங்குகிறது. இருவருக்கும் பிடித்த கடற்காட்சியை வருவோர் போவோரும் அமர்ந்து காண வேண்டும் என்பதே அவர்கள் விருப்பம். நமாராஃப் தன் அன்பைப் பூட்டி வைத்தான், அது சாபமாயிற்று. குஷிங் தம் அன்பைக் கடல் நோக்கிய ஓர் இருக்கையாக ஊர்ப் பொதுவில் வைத்தார். விமோசனம் என்று நம் புராணங்கள் சொல்வது இதற்கு வெகு தொலைவில் உள்ளதாக எனக்குத் தோன்றவில்லை.